தலையின் வடிவமும் தேர்வு மதிப்பெண்ணும்: ஹௌசா பள்ளிகளில் அளக்கப் போகிறவர்களுக்கு

வடக்கு நைஜீரியாவின் கானோ, கத்சினா வட்டாரங்களில் ஹௌசா இன மாணவர்களின் தலையை அளந்து மதிப்பெண்ணோடு ஒப்பிட நினைப்பவர்கள் பெரும்பாலும் வடிவத்தையும் அளவையும் குழப்பிக்கொள்கிறார்கள். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது தலைச் சுட்டெண். 1840களில் ஸ்வீடன் உடற்கூறு அறிஞர் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் கொண்டுவந்த கணக்கு இது. சின்னத் தலைக்கும் பெரிய தலைக்கும் ஒரே சுட்டெண் வரலாம். பச்சிளங்குழந்தையை எந்நேரமும் மல்லாக்கப் படுக்க வைத்தாலே பின்மண்டை தட்டையாகிச் சுட்டெண் கூடிவிடும். இதில் அறிவைத் தேடுவது வீண் வேலை. தலைச் சுற்றளவாவது மூளையின் அளவோடு ஓரளவு தொடர்புடையது. ஆனால் அறிவுத்திறன் சோதனையோடு அதற்குள்ள ஒட்டுறவு (0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.2 அளவில்தான் இருக்கும். அந்தச் சோதனை மதிப்பெண்களின் வேறுபாட்டில் அது விளக்குவது 4 சதவீதம்.

அளப்பதிலும் கோட்டைவிடுவார்கள். நீளம் 18.2 செ.மீ., அகலம் 14.1 செ.மீ. என்றால் சுட்டெண் 77.5, நடுத்தரத் தலை. அகலத்தில் வெறும் 5 மில்லிமீட்டர் கூடினால் 80.2, அதே பிள்ளை 'அகன்ற தலை' வகைக்குப் போய்விடும். ஹௌசாச் சிறுமிகள் 'கிட்ஸோ' என்னும் நெருக்கமான பின்னல் போடுவார்கள். அதன் மேலோ ஹிஜாபின் மேலோ காலிப்பரை (இரு கைகளால் கவ்வி அளக்கும் கருவி) வைத்தால் இந்த 5 மில்லிமீட்டர் சுலபமாக ஏறிவிடும். தலையை மழித்திருக்கும் பையன்களோடு அவர்களை ஒப்பிட்டு ஆண், பெண் வித்தியாசம் என்று எழுதினால், உண்மையில் அளந்தது முடியைத்தான்.

மதிப்பெண்ணின் பக்கம் சிக்கல் இன்னும் அதிகம். ஒரே வகுப்பில் 9 வயதுப் பிள்ளையும் 13 வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம். பிறந்த தேதி தோராயமாகவே பதிவாகியிருக்கலாம். வயதைக் கணக்கில் கொள்ளாமல் தலையின் அளவைப் பேசக் கூடாது. 2018 கணக்கெடுப்பில் வடமேற்கு நைஜீரியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். அதே ஊட்டக்குறைவு தலையின் வளர்ச்சியையும் படிப்பையும் சேர்த்தே பாதிக்கும். வீட்டில் ஹௌசா மொழி, மேல்வகுப்புத் தேர்வில் ஆங்கிலம் என்ற இடைவெளி வேறு. போதாததற்கு, ஒரு பள்ளியின் 70 மதிப்பெண் அடுத்த பள்ளியில் 50 ஆகலாம்.

ஐந்து அளவுகளை ஆறு பாடங்களோடு பொருத்தினால் 30 ஒப்பீடுகள். தற்செயலாக வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் தொடர்பு உண்டு என்று வரம்பு வைத்தால், உண்மைத் தொடர்பே இல்லாமல் ஒன்றிரண்டு 'தேறிவிடும்'. அதை மட்டும் எடுத்துத் தலைப்பாக்குவது, என் கணிப்பில், நேர்மையற்ற செயல்.

ஒப்புதல் வாங்குவதைச் சடங்காக்கிவிடாதீர்கள். 1996 மூளைக்காய்ச்சல் பரவலின்போது கானோவில் குழந்தைகளிடம் புதிய மருந்தைச் சோதித்த விவகாரம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. 2003இல் அங்கே போலியோ சொட்டு மருந்தை எதிர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். காலிப்பரோடு வருகிற அந்நியரை ஊர் சந்தேகப்படத்தான் செய்யும். தலைமையாசிரியரின் கையெழுத்தோடு நின்றுவிடாமல், பகுதித் தலைவரான 'மாய் உங்குவா'விடமும் பெற்றோரிடமும் ஹௌசாவிலேயே விளக்குங்கள். சிறுமிகளைத் தனி அறையில் பெண்களே அளக்கட்டும்.