கையெழுத்துத் தாளை வைத்துப் பயிற்சியை அளக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஏப்ரல் பிறந்தால், கம்பெனியில் பயிற்சியைக் கவனிக்கும் என் மாதிரி ஆட்களுக்குத் தூக்கம் போய்விடும். ஏப்ரல் 30-க்குள் செட்டாவுக்கு (SETA, தொழில்துறைக்கான கல்வி, பயிற்சி ஆணையம்) ஆண்டுப் பயிற்சி அறிக்கை போயாக வேண்டும். போன வருஷம் யாருக்கு என்ன பயிற்சி கொடுத்தோம், இந்த வருஷம் என்ன கொடுக்கப் போகிறோம் என்று நிரப்பி அனுப்பினால்தான் கட்டிய லெவியில், அதாவது பயிற்சிக்கான வரியில், ஒரு பங்கு மானியமாகத் திரும்பி வரும். தமிழ்நாட்டிலிருந்து வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 1999-ல் போட்ட சட்டப்படி, ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ரேண்டைத் தாண்டும் நிறுவனம் அதில் 1 சதவீதத்தைத் திறன் வளர்ப்பு லெவியாகக் கட்ட வேண்டும். அதில் பெரும்பகுதி தொழில்துறை வாரியாக உள்ள 21 செட்டாக்களுக்குப் போகிறது. கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுக்கு ஒரு நிறுவனம் எவ்வளவு செய்கிறது என்று அளக்கும் மதிப்பெண் அட்டையிலும் பயிற்சிச் செலவுக்குப் புள்ளி உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதோடு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள், எவ்வளவு செலவானது என்ற இரண்டு எண்ணும் எப்படியும் கையில் இருப்பதால், அதையே பயிற்சியின் பலன் என்று முதலாளியிடம் காட்டிவிடுகிறோம். சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும் அப்பாக்களில் மூன்று பேர் இதே வேலையில் இருப்பவர்கள். பேசிப் பார்த்தால் மூன்று கம்பெனியிலும் இதே கதை. கையெழுத்து வாங்கும் வருகைத் தாள் செட்டாவுக்கு. வேலையில் என்ன மாறியது என்பது வேறு கேள்வி, அதற்கு அந்தத் தாளில் பதில் கிடையாது.

அடுத்தது, வகுப்பு முடிந்ததும் நீட்டுகிற ஃபீட்பேக் தாள். இதை நம்பி ஏமாந்தவன் நான். ஒரே பயிற்சியாளர், ஒரே பாடம், கிடங்கில் இரண்டு குழு. முதல் குழு ஐந்துக்கு ஐந்து போட்டது. ஒரு மாதம் கழித்து வந்த இரண்டாவது குழு இரண்டும் மூன்றுமாகப் போட்டிருந்தது. பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். அப்புறம் பார்த்தால் அது புரட்டாசி. மதியத்துக்கு எல்லோருக்கும் மட்டன் பன்னி சௌ (bunny chow) சொல்லியிருக்கிறார்கள், ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தருவார்களே, அது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் தமிழ் பேச வராதவர்கள்கூடப் புரட்டாசி விரதத்தை விடுவதில்லை, அந்தக் குழுவில் பாதிப் பேர் அவர்கள்தான். சூப்பர்வைசர் அக்கா ஒருவர் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் சொன்னார்: "பாடம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, பசிதான் தாங்கல." ஆக, அந்தத் தாள் அளந்தது சாப்பாட்டை.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959-லேயே நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்கு என்ன ஆனது. நாம் பெரும்பாலும் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். இரண்டாவது படிக்குப் போகிறவர்களும் ஒரு இடத்தில் சறுக்குவார்கள். டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்தில் கிடங்கு ஆட்களில் பெரும்பாலானோருக்கு ஜூலுதான் தாய்மொழி. தேர்வை ஆங்கிலத்தில் எழுத வைத்தால் நீங்கள் சோதிப்பது ஆங்கிலத்தை. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவரிடம் பேனாவைக் கொடுப்பதற்குப் பதில் சாவியைக் கொடுத்து, பேலட்டை (சரக்கு அடுக்கிய பலகை) மேல் தட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லிப் பாருங்கள். அதையும் வகுப்பு முடிந்த மதியமே பார்க்காமல் ஆறு வாரம் கழித்துப் பாருங்கள், மறந்தது போக மிச்சம் என்ன என்று தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்று நான் நினைப்பது, பயிற்சி முடிந்த பிறகு அளக்க உட்காருவது. எந்த எண் மாற வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்யாமல், எல்லாம் முடிந்தபின் ஏறியிருக்கும் எண் எதையாவது தேடிப் பிடித்து "பார்த்தீர்களா" என்று சொன்னால் அது அளவை ஆகாது. குறைந்தது ஒரு வருஷத்து எண்ணாவது கையில் இருக்க வேண்டும். ஒரு வருஷம் எதற்கு என்றால், எங்கள் கிடங்கில் டிசம்பரில் சரக்கு குவியும், தற்காலிக ஆட்கள் வருவார்கள், பெட்டிகள் கிழியும், பேலட்டுகள் சரியும். மேலதிகாரி கடுப்பாகி ஜனவரியில் எல்லோருக்கும் பயிற்சி போடச் சொல்வார். பிப்ரவரியில் சேதம் பாதியாகிவிடும், பயிற்சியாளருக்குக் கைதட்டல். பழைய பதிவேட்டைப் புரட்டினால், பயிற்சியே இல்லாத வருஷங்களிலும் பிப்ரவரியில் சேதம் பாதியாகத்தான் ஆகியிருக்கிறது! மோசமான மாதத்துக்குப் பிறகு எதைச் செய்தாலும் எண் இறங்கத்தான் செய்யும்.

இந்த ஊரில் முன்-பின் ஒப்பீட்டுக்கு இன்னும் கண்டம் உண்டு. 2021 ஜூலையில் கலவரம், கொள்ளை. 2022 ஏப்ரலில் வெள்ளம். 2023-ல் இதுவரை காணாத மின்வெட்டு, அது 2024 மார்ச் கடைசியில் நின்று பத்து மாதம் எட்டிப் பார்க்கவில்லை. 2024 தொடக்கத்தில் பயிற்சி கொடுத்துவிட்டு "உற்பத்தி எகிறிவிட்டது" என்று காட்டியவர்களை எனக்குத் தெரியும். ஐயா, எகிறியதற்குக் காரணம் கரண்ட் வந்தது! இதற்கு எளிய வழி, எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் பகல் ஷிஃப்டுக்கு இப்போது, இரவு ஷிஃப்டுக்கு மூன்று மாதம் கழித்து என்று பிரித்துவிடுவது. அந்த மூன்று மாதத்தில் இரண்டு ஷிஃப்டும் ஒரே அளவு முன்னேறினால் அதைப் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. ஆட்களை எப்படியும் ஒரே நாளில் வேலையிலிருந்து எடுக்க முடியாது, அதனால் இதற்குத் தனிச் செலவும் இல்லை.

சரி, பணக் கணக்கு. இருபது பேர், இரண்டு நாள் பயிற்சி, கட்டணம் 40,000 ரேண்ட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நாள் சம்பளம், ஆளுக்கு நாளைக்கு 400 வீதம் 16,000. அவர்கள் இடத்தில் நின்றவர்களுக்கு ஓவர்டைம் 12,000. மொத்தம் 68,000. சேதம் குறைந்ததில் வருஷத்துக்கு 1,20,000 மிச்சம். கட்டணத்தை மட்டும் செலவாகப் போட்டு, மிச்சம் முழுவதும் பயிற்சியால்தான் என்றால் 200 சதவீத லாபம், அடேயப்பா. உண்மைச் செலவைப் போட்டு, மிச்சத்தில் பாதிதான் பயிற்சியால், மீதி புதிய ரேக்குகளால் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டால் 68,000 போட்டு 60,000 எடுத்திருக்கிறோம், கிட்டத்தட்ட 12 சதவீத நஷ்டம். நிதிப் பிரிவுக்காரர்கள் முதல் கணக்கைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள், அதன் பிறகு நீங்கள் எது கொண்டுபோனாலும் நம்பமாட்டார்கள். பாதியா காலா என்று தெரியாத இடத்தில் குறைந்ததையே போடுங்கள். எல்லாப் பயிற்சிக்கும் இந்தக் கணக்கு போட வேண்டியதும் இல்லை. தீயணைப்புப் பயிற்சிக்கு லாபம் கேட்பவரிடம் என்னத்தைச் சொல்ல.

கடைசியாக, எண்ணைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் விடுவது. பயிற்சிக்குப் பிறகு நன்றாகச் செய்கிற மூன்று பேர், கொஞ்சமும் மாறாத மூன்று பேர், இந்த ஆறு பேரிடம் போய்ப் பேசினாலே பாதி விளங்கிவிடும். பார்கோடு ஸ்கேனர் பயிற்சிக்குப் பிறகும் இரவு ஷிஃப்டில் சிலர் பேப்பரில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். கற்கவில்லை, திரும்ப அனுப்பலாம் என்று நானே சொல்லியிருந்தேன். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றேன். அந்த அண்ணன் ஸ்கேனரை எடுத்தார், பகல் ஷிஃப்டில் ஓடி ஓய்ந்த பேட்டரி, நாலு பெட்டிக்கு மேல் தாங்கவில்லை, திரை அணைந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மறுவாரம் ஆறு பேட்டரி வாங்கிப் போட்டோம். செட்டா படிவத்தில் அதை எழுத எந்தக் கட்டமும் இல்லை.