ஒரு சுளகு புளியங்கொட்டை போதும்: பெரியவர்களுக்குக் குடிசன மதிப்பைச் சொல்லிக்கொடுக்கும் முறை

மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரையில் மாலை நேர எழுத்தறிவு வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் 40 வயதைத் தாண்டிய பெண்கள். முதல் தடவை குடிசன மதிப்பு, அதாவது நாட்டு மக்களை எண்ணும் கணக்கெடுப்பு, பற்றிப் பேசியபோது ஒதுக்கீடு, வரவுசெலவு என்று கரும்பலகை நிறைய எழுதினேன். ஒரு பெரியம்மா கேட்டார்: "எங்கள எண்ணி எங்களுக்கு என்ன வரப்போகுது டீச்சர்?" பாடத்தை அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

சுளகில் புளியங்கொட்டை கொண்டுபோங்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு கொட்டை வைக்கட்டும். அவசரப்படுத்த வேண்டாம். கைக்குழந்தையையும் கட்டிலோடு கிடக்கும் தாத்தாவையும்தான் முதலில் மறப்பார்கள். எல்லாரும் வைத்த பிறகு மிட்வைஃப்பை (மருத்துவிச்சியை) பற்றிக் கேளுங்கள். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது நாட்டில் உள்ள அளவுகோல். இப்போது ஒரு பிடி கொட்டையை எடுத்து மறைத்துவிட்டு, "இவர்களை யாரும் எழுதவில்லை. ஆனால் கிளினிக்குக்கு வருவார்கள்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பணம் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கிராமத்து ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் மாகாண சபையின் பொறுப்பு. மாகாணங்களுக்குப் பணத்தைப் பகிர நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்யும்போது சனத்தொகையைப் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. தனிநபர் வருமானமும் ஏற்றத்தாழ்வும் அதே பட்டியலில் உண்டு. ஆகவே எண்ணினால் உடனே டாக்டர் வருவார் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது பொய்.

அப்புறம் நம் மாவட்டத்தின் கதையைச் சொல்லுங்கள். 1981இல் முழுமையாக எண்ணினார்கள். 2001இல் யுத்தத்தால் மட்டக்களப்பில் முழுமையாக எண்ண முடியவில்லை. அடுத்த முழுக் கணக்கு 2012இல்தான், 31 வருடம் கழித்து. இடையில் இடம்பெயர்வு, 2004 சுனாமி. "1981இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் அன்றைக்கு எழுத்துப் பாடம் நடக்கவில்லை, ஆளுக்காள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நடக்காதது நல்லது என்றே நினைக்கிறேன்.

2024 கணக்கெடுப்பு முடிந்ததே, இனி எதற்கு என்பார்கள். மிட்வைஃப் தன் பிரிவுக் குடும்பங்களுக்குத் தனியே ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். வீட்டில் யாரையும் விடாமல் எண்ணிச் சொல்லும் பழக்கம் அதற்கும் உதவும். பிறந்த வருடத்தை எழுதப் பழக்குங்கள். "எழுதினதை ஒருக்கா வாசித்துக் காட்டுங்கோ" என்று உத்தியோகத்தரிடம் கேட்கவும் பழக்குங்கள்.

கடைசியாக, மறைக்கப்படுகிற ஆட்கள். 2012 கணக்கெடுப்பில் பார்க்க, கேட்க, நடக்கக் கஷ்டமா என்று கேட்டார்கள். என்னிடம் படித்த ஒரு தாய், மகளுக்குக் காது கேட்காததைக் கலியாணம் தடைப்படும் என்ற பயத்தில் வெளியே சொன்னதே இல்லை. தனியாள் விபரத்தைச் சட்டப்படி இரகசியமாக வைக்க வேண்டும் என்று அவருக்கு மெதுவாக விளக்கினேன். இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். மூன்றாவது வாரம் பயிற்சிப் படிவத்தில், 'கேட்பதில் கஷ்டம்' என்ற வரிக்கு நேரே தன் கையால் 'ஆம்' என்று எழுதித் தந்தார்.