சாம்பியன்ஷிப் கணக்கை நாமே போடலாம்: வில் பவர் மூன்று முறை கோட்டைவிட்ட கதையோடு

சீசன் முடிய இரண்டு மூன்று பந்தயம் இருக்கும்போது டிவியில் ஒருவர் "இவருக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது" என்பார். எப்படி என்று மட்டும் சொல்லமாட்டார். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் அதை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

பழகிக்கொள்ள அமெரிக்காவின் கார் பந்தயத் தொடரான இண்டிகாரின் 2012 சீசனை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய ஓட்டுநர் வில் பவர் 2010, 2011, 2012 என்று மூன்று வருடமும் இரண்டாவதாக வந்தவர். போதாக்குறைக்கு அந்த வருடம் நடுவில் காலண்டரும் மாறியது. கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல சீசன் கிடைக்காது.

படி 1: புள்ளி அட்டவணையைக் கடைசி வரி வரை எழுதுங்கள்

அன்றைய இண்டிகாரில் முதல் ஆறு இடங்களுக்கு 50, 40, 35, 32, 30, 28. எட்டாம் இடத்துக்கு 24. அப்படியே இறங்கி, 18 முதல் 24 வரை எல்லோருக்கும் 12. அதற்குக் கீழே 10. போல் பொசிஷனுக்கு (தகுதிச் சுற்றில் முதலிடம்) 1, அதிக லேப்களில் (சுற்றுகளில்) முன்னிலை வகித்தவருக்கு 2.

புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் மேல்பாதியை மட்டும் எழுதிக்கொண்டு நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கீழே இருக்கும் அந்த 12, 10 இரண்டையும் சிவப்பு மையில் எழுதுங்கள். ஏன் என்று படி 4-ல் தெரியும். (இப்போதைய அட்டவணை கொஞ்சம் வேறு. நடப்பு சீசனுக்குக் கணக்குப் போட்டால் அதையே எடுங்கள்.)

படி 2: காலண்டரில் ஓவல்களுக்கு வட்டம் போடுங்கள்

இண்டிகாரில் தடங்கள் ஒரே மாதிரி இருக்காது. இடப்பக்கம் மட்டுமே திரும்பும் ஓவல் ஒன்று. வளைந்து நெளியும் ரோடு கோர்ஸ், நகரத் தெருவை அடைத்துப் போடும் ஸ்ட்ரீட் சர்க்யூட் இரண்டும் இன்னொரு பக்கம். 2012-ல் நடந்த 15 பந்தயங்களில் ஓவல் 5: இண்டியானாபோலிஸ், டெக்சாஸ், மில்வாக்கி, அயோவா, கடைசியாக ஃபோன்டானா.

அந்த வருடம் பவரின் மூன்று வெற்றிகளும் (பார்பர், லாங் பீச், சாவோ பாலோ) வட்டம் போடாத இடங்களில். போட்டியாளர் ரயன் ஹன்டர்-ரே மில்வாக்கி, அயோவா இரண்டு ஓவலையும் அடுத்தடுத்து ஜெயித்தார். நோட்டைப் பார்த்தாலே யார் எங்கே பலம் என்று புரிந்துவிடும்.

படி 3: ரத்தான பந்தயத்தின் மேல் ஒரே ஒரு கோடு

முழுசாகக் கிறுக்கி அழிக்காதீர்கள், பெயர் தெரிய வேண்டும். 2012 ஆகஸ்டில் சீனாவின் சிங்டாவோவில் தெருப் பந்தயம் ஒன்று இருந்தது. ஜூனில் அதை ரத்து செய்தார்கள். 16 பந்தயம் 15 ஆனது.

இப்போது இரண்டு விஷயம் எழுதுங்கள். ஒன்று, ஒரே பந்தயத்தில் அதிகபட்சம் எவ்வளவு புள்ளியை ஈடுகட்டலாம்? 53 என்று எழுதினால் தப்பு. பந்தயத்தைத் தொடங்கிவிட்டால் கடைசியில் வருபவருக்கும் 10 உண்டு, ஆகவே 43. இரண்டு, போனது எந்த மாதிரித் தடம்? சிங்டாவோ நடந்திருந்தால் பவர் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவருக்குப் பிடித்த மாதிரித் தடம் ஒன்று குறைந்தது, கடைசியில் ஓவல் அப்படியே நின்றது.

சில ரத்துகளில் கணக்கு போடவே மனம் வராது. 2011 அக்டோபரில் லாஸ் வேகாஸில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு பவர் 18 புள்ளி பின்தங்கி வந்தார். 11-வது லேப்பில் 15 கார்கள் மோதிய விபத்தில் டான் வெல்டன் என்ற ஓட்டுநர் இறந்தார். பந்தயத்தைக் கைவிட்டார்கள், புள்ளிகள் சேரவில்லை. முன்னிலையில் இருந்த டாரியோ ஃபிராங்கிட்டி 573, பவர் 555 என்று பழைய நிலையே முடிவானது. நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 4: கடைசிப் பந்தயத்தில் கணக்கை மாற்றிக்கொண்டே இருங்கள்

ஃபோன்டானாவுக்கு முன்: பவர் 453, ஹன்டர்-ரே 436. 17 புள்ளி முன்னிலை, வசதிதான். ஆனால் 55-வது லேப்பில் பவர் கட்டுப்பாடு இழந்து சுவரில் மோதினார்.

பேனாவை எடுங்கள். அப்படியே விட்டிருந்தால் அவர் இடம் 25, அதாவது 10 புள்ளி, மொத்தம் 463. ஹன்டர்-ரே ஆறாவது வந்தாலே 436 + 28 = 464. பட்டம் அவருக்கு.

பவரின் பென்ஸ்கி அணி என்ன செய்தது தெரியுமா? நொறுங்கிய காரை ஒட்டிச் சேர்த்துத் திரும்ப ஓட்ட அனுப்பியது! ஜெயிக்க அல்ல, இன்னும் சில லேப் ஓடி 24-வது இடத்துக்கு ஏற. 12 புள்ளி, மொத்தம் 465. இப்போது ஆறாம் இடம் போதாது, ஐந்தாவது வந்தாக வேண்டும். சிவப்பு மையில் எழுதிய அந்த இரண்டு புள்ளிதான் இது.

ஹன்டர்-ரே நான்காவது வந்தார். 436 + 32 = 468. பவர் மூன்று புள்ளியில் தோற்றார். அவருக்கு முதல் பட்டம் 2014-ல்தான் கிடைத்தது. அதை உறுதி செய்ததும் அதே ஃபோன்டானாவில்.

படி 5: நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள்

2010, ஹோம்ஸ்டெட் ஓவல், கடைசிப் பந்தயம். பவர் 587, ஃபிராங்கிட்டி 575. பவர் சுவரில் இடித்து 25-வது. ஃபிராங்கிட்டி எட்டாவது, போல் பொசிஷனும் அவருக்கே, அதிக லேப் முன்னிலையும் அவருக்கே. விடை: ஃபிராங்கிட்டி 602, பவர் 597. ஃபிராங்கிட்டிக்கு 599 வந்தால் அந்த 1 + 2 போனஸை விட்டுவிட்டீர்கள்.