டிராஃப்டில் தேர்வாகாத வீரர் என்பிஏவுக்குள் நுழைவது எப்படி?

அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீகான என்பிஏவில், அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதில் இரண்டே சுற்றுகள். அதிகபட்சம் 60 பெயர்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் மட்டும் 350-க்கு மேற்பட்ட கூடைப்பந்து அணிகள் ஆடுகின்றன. ஆகவே நல்ல ஆட்டக்காரர்கள் பலர் விடுபட்டே தீருவார்கள். 1996-இல் அப்படி விடுபட்ட பென் வாலஸ், பின்னாளில் நான்கு முறை சிறந்த தற்காப்பு வீரர் விருது பெற்றார்.

படி 1: டிராஃப்டுக்கு முன்பே ஏஜென்டைத் தேடுங்கள்

வீரர்கள் சங்கத்தின் சான்றிதழ் பெற்றவராகப் பார்த்துச் சேருங்கள். ஒப்பந்தத் தொகையில் அவர் 4 சதவீதத்துக்கு மேல் கமிஷன் கேட்க முடியாது. இரண்டாம் சுற்று நடக்கும்போதே அணிகளுக்கும் ஏஜென்ட்களுக்கும் இடையே பேரம் தொடங்கிவிடும். மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தால் இடங்கள் நிரம்பிவிடும்.

படி 2: அணியை நீங்கள் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான் என்பேன். இரண்டாம் சுற்றில் தேர்வானவரின் உரிமை அந்த ஓர் அணியிடம் போய்விடுகிறது. ஒப்பந்தத்துக்கோ உத்தரவாதம் இல்லை. தேர்வாகாதவர் 30 அணிகளில் எதனுடனும் பேசலாம். 2021-இல் ஆஸ்டின் ரீவ்ஸை 42-ஆவது இடத்தில் எடுக்க டெட்ராய்ட் முன்வந்தது. அவர் தரப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு லேக்கர்ஸுடன் ஒப்பந்தம் செய்தது. இரண்டே ஆண்டுகளில் அதே அணி அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 5.4 கோடி டாலர் கொடுத்தது.

எதைப் பார்த்து முடிவு செய்வது? உங்கள் இடத்தில் ஆடுபவர்கள் எத்தனை பேர், யாருடைய ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது, தேர்வாகாதவர்களை வளர்த்த வரலாறு அந்த அணிக்கு உண்டா என்று பாருங்கள். 2023 இறுதிச் சுற்றில் ஆடிய மயாமி ஹீட்டின் கேப் வின்சென்ட், மேக்ஸ் ஸ்ட்ரஸ், கேலப் மார்ட்டின், டங்கன் ராபின்சன் நால்வருமே டிராஃப்டில் தேர்வாகாதவர்கள். பெரிய ஊர், புகழ்பெற்ற சீருடை என்று மயங்காதீர்கள்.

படி 3: சம்மர் லீகில் ஒரு திறமையைக் காட்டுங்கள்

ஜூலையில் லாஸ் வேகாஸில் நடக்கும் இந்த ஆட்டங்களில் எல்லோரும் புள்ளி குவிக்கத் துடிப்பார்கள். ஆனால் நட்சத்திர வீரருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஆளைத்தான் பயிற்சியாளர் தேடுகிறார். 2019-இல் விடுபட்ட லூ டார்ட், அடுத்த ஆண்டே பிளேஆஃபில் (சாம்பியனை முடிவு செய்யும் சுற்றுகளில்) நட்சத்திர வீரர் ஜேம்ஸ் ஹார்டனை விடாமல் மறித்துத் தன் இடத்தை உறுதி செய்தார். அவரை உள்ளே கொண்டுவந்தது தற்காப்புதான்.

படி 4: ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்

பெரும்பாலும் இரண்டு வகை ஒப்பந்தங்கள் வரும்.

எக்ஸிபிட் 10: பயிற்சி முகாமுக்கான அழைப்பு, அவ்வளவுதான். முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டு, அதே அமைப்பின் ஜி லீக் (என்பிஏவின் இளம் வீரர்களை வளர்க்கும் துணை லீக்) அணியில் 60 நாட்கள் தங்கினால் போனஸ் உண்டு. 2023-24-இல் அது 75,000 டாலர் வரை இருந்தது.

டூ-வே: ஜி லீகுக்கும் என்பிஏவுக்கும் மாறி மாறி ஆடலாம், என்பிஏவில் 50 ஆட்டங்கள் வரைதான். ஓர் அணிக்கு இப்படி மூன்று இடங்களே உள்ளன. 2023-24-இல் இதற்குச் சம்பளம் ஏறத்தாழ 5,60,000 டாலர். வெறும் ஜி லீக் ஒப்பந்தத்துக்கு 40,500. வித்தியாசத்தைப் பாருங்கள்! டூ-வேக்காகப் போராடுவது தவறே இல்லை.

படி 5: எதுவும் வராவிட்டால் ஜி லீக் திறந்த தேர்வு

ஜோனதன் சிம்மன்ஸ் 2013-இல் 150 டாலர் கட்டணம் கட்டி ஆஸ்டின் டோரோஸ் அணியின் தேர்வுக்குப் போனார். 2015-இல் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. ஜனவரி 5 முதல் என்பிஏ அணிகளின் பத்து நாள் ஒப்பந்தங்கள் தொடங்கும். அப்போது உடல் தயாராக இருக்க வேண்டும்.

படி 6: வெளிநாடு

இதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். 2002-இல் விடுபட்ட யுடோனிஸ் ஹாஸ்லம் பிரான்சில் ஒரு சீசன் ஆடிவிட்டு வந்து, மயாமியில் 20 சீசன்கள் ஆடினார். மூன்று முறை சாம்பியன். ஆனால் கையெழுத்திடும் முன் இரண்டு ஷரத்துகளைக் கேட்டு வாங்குங்கள். என்பிஏ அழைத்தால் எப்போது, எவ்வளவு தொகை கட்டி விலகலாம் என்பது ஒன்று. சம்பளம் வராவிட்டால் வழக்கு சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் கூடைப்பந்து நடுவர் மன்றத்துக்குப் போகும் என்பது மற்றொன்று. வாய்மொழி உறுதியை ஏற்க வேண்டாம். இரண்டும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.