திருமலையில் இரண்டு நாள்: காற்றைக் கேட்டுத் திட்டம் போடுங்கள்

வெள்ளி இரவு புறப்பட்டு, சனியும் ஞாயிறும் திருகோணமலையில், அதாவது எங்கள் திருமலையில், நின்றுவிட்டு, திங்கள் காலை வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விடுதியை இல்லை, மாதத்தை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை எங்கள் கடல் நல்ல கடல். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் தை வரைக்கும் அலை பெரிதாக இருக்கும், தண்ணீர் கலங்கிப்போகும், படகும் ஓடாது. ஹிக்கடுவை, காலிப் பக்கத்துக்கு இது நேர்மாறு. என் மச்சாள் குடும்பம் ஒரு டிசம்பர் விடுமுறையில், கொழும்பில் நல்ல வெயில் அடிக்கிறதே என்று நம்பி வந்து, இரண்டு நாளும் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து மழையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் நீச்சல் உடுப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இரவு ரயில்தான் என் முதல் தெரிவு. கோட்டை ரயில் நிலையத்தில் ஏறித் தூங்கினால் விடியப் போகிற நேரத்துக்குத் திருமலை. ஆனால் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து வருகிற நீண்ட விடுமுறை என்றால் ஆசனப் பதிவை இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே செய்துவிடுங்கள். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் வேலை முடிந்த கையோடு வெள்ளி இரவே ஓடி வர வேண்டாம். ஹபரணை, கந்தளாய் வழியில் இருட்டினால் யானை வீதிக்கு வரும், கறுப்பு வீதியில் கறுப்பு உருவம் கிட்டப் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. சனி அதிகாலை மூன்று மணிக்கு வெளிக்கிட்டால் அந்தப் பகுதியை வெளிச்சத்தில் தாண்டலாம்.

எங்கே தங்குவது? வாகனம் இல்லாவிட்டால் உப்புவெளி. நகரம் கிட்ட, ஆட்டோவுக்குச் செலவு குறைவு, சாப்பாட்டுக் கடைகளும் நடக்கிற தூரத்தில். நிலாவெளி இன்னும் வடக்கே, நகரிலிருந்து 15 கிலோமீட்டர் அளவில். கடற்கரை நீளம், சனம் குறைவு, புறாமலை என்கிற சின்னத் தீவுக்குப் படகும் அங்கிருந்துதான். எதுவானாலும் அறை எடுக்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: மெயின் ரோட்டைக் கடக்காமல் கடற்கரைக்குப் போகலாமா? படத்தில் கடல் தெரிகிற எல்லா இடமும் கடலோரம் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு வெறுங்காலில் கொதிக்கிற தார் ரோட்டைக் கடப்பது பெரிய சிரமம்.

சரி, சனி காலை. ரயிலால் இறங்கியதும் படுக்காமல் நேரே கடற்கரைக்குப் போங்கள். நம்முடையது கிழக்குக் கரை, சூரியன் கடலுக்குள்ளிருந்து ஏறி வரும். அதிர்ஷ்டம் இருந்தால் அந்த நேரத்தில் கரைவலை இழுப்பார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பின்னோக்கி நடந்து நடந்து இழுக்க, கடைசியில் வலையின் மடி கரையேறும்போது உள்ளே சூடையும் நெத்தலியும் வெள்ளிக்காசைக் கொட்டினது போலத் துடிக்கும். காகங்களும் நாய்களும் ஏற்கெனவே வந்து காத்திருக்கும். அங்கேயே கொஞ்ச மீன் வாங்கி, விடுதிக்கார அம்மாவிடம் கொடுத்துப் பொரித்துத் தரக் கேளுங்கள். சுடச்சுடப் பிட்டு, சொதி, சம்பல், பக்கத்தில் அந்தச் சூடைப் பொரியல். அதற்கு மேல் எந்த ஹோட்டல் காலைச் சாப்பாடும் எனக்குத் தேவையில்லை.

மத்தியானம் தூங்குங்கள். வெயில் சாய்ந்ததும் கோணேஸ்வரம். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் கோட்டை கட்டப் போனதாகச் சொல்வார்கள், இன்றும் பிரெடரிக் கோட்டை வாசலால்தான் கோயிலுக்கு ஏற வேண்டும். சம்பந்தர் தேவாரம் பாடிய தலம், அதற்கேற்ற உடுப்போடு போங்கள், கடற்கரைக் காற்சட்டை வேண்டாம். வழியில் மான்கள் பையை முகர்ந்துகொண்டு கிட்ட வரும். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் தயவுசெய்து பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள், மான் பையையும் சேர்த்தே விழுங்கும். மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் கால் கூசும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். சூரியன் மறைவதைப் பார்க்க ஆசை என்றால் கடற்கரைக்குத் திரும்பாமல் உள்துறைமுகப் பக்கம் போங்கள், அங்கேதான் தண்ணீருக்கு மேல் அந்தச் சிவப்பு விழும்.

ஞாயிறு காலை புறாமலை. இதைச் சனிக்கிழமை களைப்போடு செய்யாதீர்கள், ஞாயிறு பத்து மணிக்கும் செய்யாதீர்கள். நிலாவெளியில் டிக்கெட் எடுக்கிற இடத்துக்கு விடியவே போய்விட்டால் தண்ணீர் தெளிவு, கூட்டமும் இல்லை. தேசிய வனமாக 2003 இல் அறிவிக்கப்பட்ட இடம், அனுமதிச் சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. படகு முழுவதற்கும் விலை என்பதால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போனால் செலவு பாதி. முகமூடி போட்டுக் குனிந்தாலே வண்ண மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாவும் தெரியும், அது உங்களைக் கண்டால் ஓடிவிடும். பவளத்தின் மேல் மட்டும் கால் வைக்காதீர்கள். பார்க்கக் கல் மாதிரி, ஆனால் உயிர். உடைந்தால் திரும்ப வளர நெடுங்காலம் எடுக்கும்.

இப்போது காற்று. ஆனி, ஆடியில் இங்கே கச்சான் அடிக்கும், மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலைப் பார்த்து. தண்ணீர் தட்டையாகத் தெரிவதால் பயமில்லை என்று நினைப்பீர்கள். காற்றடித்த ட்யூபில் மிதக்கிற பிள்ளையை அது ஐந்து நிமிடத்தில் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். கச்சான் நாளில் ட்யூப், பலூன் மெத்தை எதுவும் வேண்டாம், இடுப்பளவுத் தண்ணீர் போதும். இன்றைக்குக் குளிக்கலாமா என்று கரையில் வலை பொத்துகிறவரிடம் கேளுங்கள், ஐயா வானத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொல்லில் சொல்லுவார்.

பின்னேரம் நேரம் இருந்தால் கன்னியா வெந்நீரூற்று, அநுராதபுரம் வீதியில் நகரிலிருந்து 8 கிலோமீட்டர் அளவில். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உள்ளே இறங்குவதில்லை, வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்க வேண்டும், மாற்றுடுப்பு எடுத்துப் போங்கள். ஆடி அமாவாசை அன்று பிதிர்க்கடன் செய்ய வருகிறவர்களின் இடம் அது, அந்த நாளில் விட்டுவிடுங்கள். மாபிள் பீச் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

அப்புறம், திரும்புகிற ரயிலுக்கு முன் ஒரு முட்டித் தயிர் வாங்கிக்கொள்ளுங்கள். மூடியிருக்கிற தாளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தரச் சொல்லி, ஆசனத்துக்குக் கீழே நிமிர்த்தி வையுங்கள், மேல் தட்டில் வைத்தால் விடிவதற்குள் யாருடைய தலையிலாவது இருக்கும்.