சிப் இல்லாத துணிக் கச்சான் பை: மூடியை முதலில் மடியுங்கள்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்குப் போனால் கச்சான் இல்லாமல் வீடு திரும்ப மாட்டோம். 2017 இல் இலங்கையில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீனைத் தடை செய்தும், கச்சான் எங்கள் கைக்கு வருவது சொப்பிங் பையில்தான். கோவிலுக்குப் பக்கத்திலுள்ள நந்திக்கடல் களப்பின் கரைச் சேற்றில் அந்தப் பைகள் புதைந்து கிடந்ததைக் கண்ட பிறகுதான் துணிப்பை தைக்கத் தொடங்கினேன். இப்போது பிள்ளைகள் இடைவேளைக்குச் சாப்பாடு கொண்டு போவதும் இதில்தான்.

சிப் வைக்காதீர்கள். உப்பும் முறுக்குத் தூளும் பல்லுக்குள் போய் இறுகினால் சின்னப் பிள்ளையால் இழுக்க முடியாது. வெல்க்ரோவில் நூலும் தூசும் ஒட்டும். துணியே மடிந்து மூடுகிற பைதான் என் தெரிவு.

துணிக்குப் பருத்திச் சீத்தை நல்லது, பழைய சாறமும் போதும். தோய்த்துக் காயவிட்டு மினுக்கிய பிறகு வெட்டுங்கள். புதுத்துணி பிறகு சுருங்கும். அளவு 15 அங்குல நீளம், 7 அங்குல அகலம். 7 அங்குல ஓரங்கள் இரண்டையும் கால் அங்குலப்படி இரண்டு தரம் மடித்துத் தைத்தால் நீளம் 14 ஆகும்.

இனித்தான் கவனம் வேண்டும். துணியின் நல்ல பக்கம் மேலே தெரிய, நெடுக்காக விரியுங்கள். மேல் ஓரத்தை இரண்டரை அங்குலம் கீழே மடியுங்கள். இதுதான் மூடி. அதன் பிறகு கீழ் ஓரத்தைத் தூக்கி, அந்த மூடிக்கு மேலாகக் கொண்டுவந்து, மேல் மடிப்புக்கு அரை அங்குலம் கீழே நிறுத்துங்கள். நான் முதலில் தைத்த நாலு பைக்கும் கீழ்ப்பக்கத்தை முதல் மடித்துவிட்டேன். பையைப் புரட்டினால் மூடி உள்ளுக்குள் போய்விட்டது. தலைகீழாகப் பிடித்தவுடன் கச்சான் எல்லாம் நிலத்தில். புரட்டும்போது உள்ளே இருக்கிற மடிப்புத்தான் வெளியே வரும். அதனால் மூடி முதலில், பை பிறகு. தைக்க முன்னம் இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி, மெதுவாகப் புரட்டி ஒருக்கால் பாருங்கள்.

சரியென்றால் இரண்டு பக்க ஓரத்தையும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பின்னோக்கி ஓட்டி இறுக்குங்கள். மடித்த ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடம் தடிப்பாக இருக்கும். அங்கே மெசின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். 11 ஆம் இலக்க ஊசி எனக்கு அந்த இடத்தில்தான் முறிந்தது. இப்போது அதைவிடத் தடித்த 14 தான் போடுகிறேன். நூலும் பொலியெஸ்டர் நூல்தான், பருத்தி நூலை விட உரம். பிசிரும் ஓரத்துக்குச் சிக்சாக் அடியுங்கள். நேர்த்தையல் மட்டும் உள்ள கால் மெசினென்றால் மெல்லிய துணிப்பட்டி பிடித்துவிடுங்கள். மூலைகளைப் பென்சில் முனையால் தள்ளிப் புரட்டி மினுக்கினால் பை தயார்.

பிறகு சேர்த்தது: முறுக்கு நமத்துப் போகிறது என்று விசுவமடுவிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தா. உண்மைதான் அக்கா, துணி காற்றை மறிக்காது. காலையில் போட்டு அன்றைக்கே சாப்பிடுகிறதுக்குத்தான் இது. மிச்சத்தைப் போத்தலில் போட்டு மூடி வையுங்கோ. பயற்றம் பணியாரம் வைத்த பையை அன்றே சவர்க்காரம் போட்டுத் தோய்க்காவிட்டால் எண்ணெய்க் கறை நிற்கும், எறும்பும் வரும். மாரியில் உள்பக்கத்தை வெளியே புரட்டிக் காயவிடுங்கள். மூலையில் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.