தாய்லாந்தில் வருஷக்கணக்கில் சட்டப்படி தங்குவது எப்படி?

முதலில் ஒன்று. டூரிஸ்டாக வந்து, நாள் முடியும்போது எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்ப வந்து அப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாஸ்போர்ட்டில் முத்திரைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தால் அதிகாரி உள்ளே விடாமலே திருப்பி அனுப்பலாம்.

50 வயது ஆனவர்களுக்கு ஓய்வுக்கால வழிதான் நல்லது. 'நான்-ஓ' (Non-O) என்ற விசாவில் 90 நாள் கிடைக்கும், அதை அங்கேயே இமிக்ரேஷனில் ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கலாம், கட்டணம் 1,900 பாட். தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் காட்ட வேண்டும், இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம். அந்த 8 லட்சம் விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பே கணக்கில் இருக்க வேண்டும், நீட்டிப்பு கிடைத்த பிறகும் 3 மாதம் தொடக் கூடாது, அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இங்கேதான் ஏஜெண்டுகள் வருவார்கள். "பணம் இல்லையா, நாங்களே கணக்கில் போட்டுக் காட்டுகிறோம்" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். தயவுசெய்து போகாதீர்கள். மாட்டினால் பாஸ்போர்ட் உங்களுடையது, ஏஜெண்டுடையது இல்லை.

தாய்லாந்துக்காரரைக் கல்யாணம் செய்தவர்களுக்கு 4 லட்சம் போதும், அல்லது மாதம் 40,000.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு 2024 ஜூலையில் வந்த டிடிவி (Destination Thailand Visa) என்ற விசா. 5 வருஷம் செல்லும், ஒவ்வொரு தடவை நுழையும்போதும் 180 நாள் தருவார்கள், சேமிப்பில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். விண்ணப்பத்தைத் தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் போட முடியும். உள்ளூர்க் கம்பெனியில் வேலை என்றால் இது செல்லாது, அதற்கு 'நான்-பி' (Non-B) விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். மொழி படிக்கிறேன் என்று மாணவர் விசா எடுப்பவர்கள் நிஜமாகவே வகுப்புக்குப் போங்கள், அதிகாரி தாய்லாந்து மொழியிலேயே கேள்வி கேட்பதுண்டு.

சரி, விசா கையில் வந்துவிட்டது. பலர் தவறுவது இதற்கு அப்புறம்தான்.

என் நண்பர் ஒருவர், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்து, ராத்திரியோடு ராத்திரியாகத் திருச்சிக்குக் கிளம்பினார். பத்து மாசம் மிச்சமிருந்த அவருடைய நீட்டிப்பு, குடியேற்றக் கவுண்டரில் வெளியேறும் முத்திரை விழுந்த அந்த நிமிஷமே செத்துப்போனது. வெளியே போய்த் திரும்பி வந்தாலும் நீட்டிப்பு செல்லும்படி வைக்கிற ரீ-என்ட்ரி பெர்மிட்டை அவர் எடுக்கவில்லை. 1,000 பாட்தான், பல தடவை போய்வர 3,800. சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கவுண்டர் இருக்கிறது, அந்தப் பதற்றத்தில் அவருக்கு அது நினைவுக்கே வரவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். நீட்டிப்பு வாங்கிய அன்றைக்கே இதையும் எடுத்துவிடுங்கள், ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்கள் கட்டாயம்.

90 நாள் தொடர்ந்து தங்கினால் முகவரியை இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். கெடு நாளுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்புவரை அவகாசம் உண்டு. முதல் தடவை நேரில், பிறகு இணையத்திலேயே முடிக்கலாம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் இமிக்ரேஷனுக்குத் தரவேண்டிய டிஎம் 30 (TM30) பதிவைத் தந்தாரா என்று வாடகைக்கு வந்த முதல் நாளே கேளுங்கள், அது இல்லாமல் போனால் இமிக்ரேஷன் கவுண்டரில் உங்கள் வேலைதான் நிற்கும்.

நாள் தாண்டித் தங்கிவிட்டால் ஒரு நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. 90 நாளுக்கு மேல் போய்விட்டால், நீங்களாகவே விமான நிலையத்துக்கு வந்து வெளியேறினாலும் குறைந்தது ஒரு வருஷம் உள்ளே வர முடியாது. நீங்களாக வெளியேறும் முன்பே போலீஸ் பிடித்தால் குறைந்தது 5 வருஷம்.